மெட்ரோனோம் கால் தட்டிய மாலை

அண்ணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாசிப்பதை அப்போதே நிறுத்தியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, அண்ணன் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் உள்ளறையில் பழைய பியானோவின் முன் உட்கார்ந்து, பல மாதங்களாக யாருக்கும் காட்டாமல் எழுதிக்கொண்டிருந்த ஒன்றை மெல்ல வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரோடது?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரோடதும் இல்ல அண்ணி. சும்மா."

"யாரோடதும் இல்லன்னா உன்னோடதுதான்." அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "முதல்லேருந்து வாசி பார்ப்போம்."

அண்ணி, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலினான செல்லோ வாசிப்பவள். அவள் காதை ஏமாற்ற முடியாது. மறுத்துப் பார்த்தாலும் விடமாட்டாள். வேறு வழியில்லாமல் முதலிலிருந்து வாசித்தாள். வலது கையில் நீளமான ஒரு மெட்டு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய வரவேற்பறை ஒன்றில் யாரோ உருகி உருகி வாசித்தது போல. இடது கையோ அதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஜாஸ் கிளப்பில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. சம்பந்தமில்லாத அந்த இரண்டும் சண்டை போடாமல், ஒன்றை ஒன்று கேலி செய்தபடி கைகோத்துக்கொண்டு போயின.

அவள் வாழ்க்கையே அப்படித்தான். கல்லூரியில் படித்ததெல்லாம் முதல் வகை இசை. பிழைப்புக்கு, ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் பல வருஷமாக ஞாயிறு தவிரத் தினமும் மதியம் வாசிப்பது இரண்டாம் வகை.

வாசித்து முடித்ததும் அண்ணி எழுந்து போய் அண்ணனை உலுக்கினாள். "எழுந்திருங்க. நம்ம வாலு என்ன பண்ணி வெச்சிருக்கா பாருங்க."

வாலு என்பது அண்ணன் வைத்த பெயர். நாற்பதைத் தொட்டும் அது போகவில்லை. இருக்கிற இடம் தெரியாமல் இருக்கிற ஒருத்திக்கு அப்படி ஒரு பெயர் எப்படி ஒட்டியது என்று வீட்டில் யாருக்குமே தெரியாது.

அண்ணன் வயலினைவிடச் சற்றே பெரிய வயோலா, அண்ணி செல்லோ. இவர்களோடு ஒரு வயலின்காரர். மூவரும் சேர்ந்து ஊரில் பேர் சொல்லும்படி ஒரு சிறு குழு நடத்தி வந்தார்கள். அடுத்த மாதக் கச்சேரிக்கு வரவேண்டிய பியானோக்காரர் மணிக்கட்டில் கட்டோடு வீட்டில் கிடந்தார். அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து, அவள் மறுபடி வாசித்ததைக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் தூக்கம் எங்கோ போய்விட்டது.

"கச்சேரில இதையே போட்டுரலாம். பியானோ நீயே வாசி."

"அண்ணா, விளையாடாத."

"விளையாடல. வயலின், வயோலா, செல்லோ மூணுக்கும் தனித்தனியா எழுதிக் குடு."

எழுதித்தான் வைத்திருந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பகுதிகள், நான்கு வாத்தியங்களுக்கும். அதை ஒப்புக்கொள்ளும்போது, திருடி மாட்டிக்கொண்டவள்போல முகம் சிவந்தது.

ஒத்திகை அறை ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. கீழே சக்கரத் திருகுகளைக் கழற்றும் காற்றுத் துப்பாக்கி நினைத்த நேரத்தில் 'ட்ர்ர்ர்' என்று அலறும். மூவரும் பழகிவிட்டிருந்தார்கள். அவளுக்கு அந்தச் சத்தம்கூட அன்று காதில் விழவில்லை. தன் காகிதங்களை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினாள்.

வயலின்காரர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது தாண்டியவர். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் நன்றாகச் சீவிய பென்சில். அவருக்கு மெட்ரோனோம் என்று பட்டப்பெயர். தாளம் பிசகாமல் டிக் டிக் என்று அடித்துக் காட்டும் கருவிக்குத்தான் அந்தப் பெயர். கருவி தப்பினாலும் இவர் தப்பமாட்டார் என்பது அண்ணன் அடிக்கடி சொல்லும் ஜோக். அவர் முகத்துக்கு நேரே மட்டும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் காகிதம் வைத்துக்கொள்வதுமில்லை. எதிரே தாங்கியில் சுரங்களைக் காட்டும் ஒரு டேப்லெட், இடது காலருகே சின்னதாக ஒரு மிதி. மிதித்தால் அடுத்த பக்கம் வரும்; பின்னால் போகாது.

"வணக்கம் மேடம். ஆரம்பிக்கலாமா?" என்றார், வங்கியில் அடுத்த ஆளைக் கூப்பிடும் குரலில்.

ஆரம்பித்தார்கள். நான்கைந்து வரி போவதற்குள் அவள் வாசிக்க மறந்துபோனாள்.

இத்தனை மாதமும் தலைக்குள் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது, இப்போது அறைக்குள் நின்றது. அவள் நினைத்ததைவிடப் பெரிதாக, சூடாக. செல்லோவிலிருந்து எழும்பிய மெட்டை வயோலா வாங்கி வயலினிடம் கொடுக்க, வயலின் அதைத் தூக்கிக்கொண்டு கூரைக்குப் பறந்தது. இதை எழுதியது நானா? அவள் கைகள் கட்டைகளின் மேல் அப்படியே நின்றுவிட்டன.

"வாலு! நீ வரணும் இப்போ!" அண்ணன் வில்லை ஆட்டிக் கத்தினான்.

"அண்ணா, கேட்டுட்டு இருந்தேன்."

"கேக்கறதுக்கு ஆள் டிக்கெட் வாங்கிட்டு வருவாங்க. நீ வாசி."

அண்ணி சிரித்த சிரிப்பில் செல்லோவே ஆடியது. மறுபடி ஆரம்பித்தார்கள். முதல் பகுதி முடிந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டாவது, மெதுவான பகுதியையும் ஒருமாதிரி கரையேற்றினார்கள். மூன்றாவதில்தான் வண்டி பள்ளத்தில் இறங்கியது.

மூன்றாம் பகுதி முழுக்க ஸ்விங், ஜாஸுக்கே உரிய அந்தச் சாய்ந்த நடை. காகிதத்தில் இரண்டு சுரமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே அளவில் இருக்கும். வாசிக்கும்போது முதல் பிள்ளை கொஞ்சம் கை கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். இரண்டாவது மிச்ச இடத்தில் ஒண்டிக்கொள்ளும். அந்தச் சாய்வில்தான் உயிரே இருக்கிறது. மெட்ரோனோம் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூட வரிசையில் நிறுத்தினார். ஒரு நல்ல நகைச்சுவைத் துணுக்கைச் செய்தி வாசிக்கிற குரலில் வாசித்துக் காட்டியது போல இருந்தது.

"சார், அந்த இடத்தைக் கொஞ்சம் சாய்ச்சு வாசிக்கலாமா?"

"எவ்வளவு சாய்ச்சு?"

"அது… கொஞ்சமா."

"கொஞ்சம்னா? மூணுல ரெண்டு பங்கா, அஞ்சுல மூணு பங்கா? எழுதிக் குடுங்க. வாசிக்கிறேன்."

எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு சுரத்துக்கும் புள்ளி வைத்து, கோடு போட்டு, அளவு பிரித்து. அடுத்த ஒத்திகையில் அவர் ஒரு புள்ளி விடாமல் வாசித்தார். முன்பைவிட மோசம். சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு ஒருவர் ஆட வந்தது போல இருந்தது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டு செல்லோவின் கழுத்தைத் துடைத்தாள். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"நான் எழுதினபடிதானே வாசிச்சேன்?" என்றார் மெட்ரோனோம்.

"எழுதினபடிதான் சார். அதுதான்…" மென்று விழுங்கினாள்.

"நானும் ஒண்ணு சொல்லலாமா மேடம்? தப்பா நெனச்சுக்கக் கூடாது." பென்சிலால் அவள் காகிதத்தில் இரண்டாம் பகுதியைத் தொட்டுக் காட்டினார். "இங்க எங்க மூணு பேருக்கும் மேல பியானோ ஏறி வரணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஆனா நீங்க வாசிக்கிறது எனக்குக் கேக்கவே மாட்டேங்குது. பக்கத்து ரூம்ல யாரோ தூங்கறாங்க, எழுப்பிடக் கூடாதுங்கற மாதிரி வாசிக்கிறீங்க. நான் எழுதினதை வாசிக்கிறேன். நீங்க எழுதினதை நீங்களே வாசிக்க மாட்டேங்கறீங்க."

"சார், அவ புதுசா…" என்று அண்ணன் எழுந்தான்.

"நீ சும்மா இரு அண்ணா" என்றாள் அவள். கீழே காற்றுத் துப்பாக்கி அலறி ஓய்ந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் அவரோடு மனசுக்குள் சண்டை போட்டாள். இவருக்கு என்ன தெரியும்? இவர் வாசிப்பதே மரக்கட்டை. இவர் எனக்குப் பாடம் நடத்துகிறாரா? இறங்கவேண்டிய நிறுத்தம் வருவதற்குள் சண்டையில் தோற்றுவிட்டாள். அவர் சொன்னது உண்மை. ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலாளர் சொன்ன ஒரே நிபந்தனை: வாசிப்பு இருக்கணும், ஆனா யார் பேச்சும் கெடக்கூடாது. கேட்காத மாதிரி வாசிப்பதில் அவள் கெட்டிக்காரி ஆகியிருந்தாள். அந்தக் கெட்டிக்காரத்தனம் விரல் நுனிவரை இறங்கிவிட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து மதியம், ஓட்டல் கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். பியானோவுக்கு மிக அருகில் இருந்த மேசையில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் மெட்ரோனோம் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு காபி.

இடைவேளையில் போய் நின்றாள். "சார், நீங்க எங்க இங்க?"

"உங்க இடது கையைப் பாக்க வந்தேன். நீங்க எழுதிக் குடுத்தா எனக்கு ஏறல. பாத்தா ஏறுமான்னு பாக்கறேன்." காபியை ஒரு வாய் குடித்தார். "அப்புறம், இங்க நீங்க இப்படித்தான் வாசிக்கணும். அதுவும் புரியுது. மனுஷங்க பேச வர்ற இடம். ஆனா மேடம், ஒத்திகைக்கு நான் காபி குடிக்க வரல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

திரும்பப் போய் உட்கார்ந்தவளுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. பழக்கமான ஒரு ஜாஸ் மெட்டைத்தான் எடுத்தாள். ஆனால் இந்த முறை தோளிலிருந்து வாசித்தாள். முதல் நான்கு கட்டைகளுக்கே பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. ஒரு பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். வரவேற்பு மேசையில் இருந்தவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார். மேலாளர் தன் அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். நீட்டிய தலையை உள்ளே இழுக்கவில்லை. இந்த வாத்தியத்துக்குள் இவ்வளவு சத்தம் இருந்ததா? இவ்வளவு நாளும் இதன் மேல் போர்வை போர்த்தியா வாசித்தோம்? அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முடித்ததும் கை தட்டினார்கள். அந்தக் கூடத்தில் அவளுக்கு விழுந்த முதல் கைதட்டல் அதுதான்.

மெட்ரோனோம் மட்டும் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கண் அவள் இடது கையை விட்டு அசையவில்லை.

அதன்பிறகு ஒத்திகைகளுக்குக் களை வந்துவிட்டது. இரண்டாம் பகுதியில் அவள் ஏறி வந்தபோது அண்ணன் சந்தோஷத்தில் தன் வரியைத் தப்பவிட்டுத் திட்டு வாங்கினான். மூன்றாம் பகுதியிலும் மெட்ரோனோம் ஓரளவு அசைந்து கொடுத்தார். ஓரளவுதான்.

"கோட்டைக் கழட்டிட்டாரு. சட்டை இன்னும் உடம்புலதான் இருக்கு" என்று அண்ணி அவள் காதில் சொன்னாள்.

கச்சேரி, பழைய நூலகக் கட்டடம் ஒன்றின் மேல்மாடி அரங்கத்தில். உயரமான ஜன்னல்கள் வழியாக மாலை வெயில் இன்னும் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தாள். நாற்காலிகள் நிரம்பி, பின்சுவரில் சாய்ந்து நிற்கவும் ஆட்கள்.

"அண்ணி, வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"வரட்டும். வாசிச்சு முடிச்சிட்டு எடுக்கலாம். வா."

முதல் பகுதி பறந்தது. இரண்டாம் பகுதியில் மூன்று வாத்தியங்களும் சேர்ந்து விரித்த அந்தப் பெரிய மெட்டின் மேல் அவள் தோளோடு இறங்கியபோது, முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அந்த அமைதி கலைவதற்குள் அண்ணி வில்லை மடியில் சாய்த்து, செல்லோவின் தந்திகளை விரலால் சுண்டத் தொடங்கினாள். தும், தும், தும், தும். யாரோ ஒய்யாரமாகத் தெருவில் நடந்து வருவது போல. மூன்றாம் பகுதி.

கொஞ்ச நேரத்தில் அவள் காதில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. வயலின் சாய்ந்திருந்தது. சொல்லிக் கொடுத்த சாய்வு இல்லை, அளந்து எழுதிய சாய்வும் இல்லை. முதல் பிள்ளை சொகுசாகக் கை கால் நீட்டிப் படுத்திருந்தது. இரண்டாவது அதன் விலாவில் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்தது! நம்பமுடியாமல் திரும்பிப் பார்த்தாள். மெட்ரோனோமின் உதட்டோரம் லேசாக விரிந்திருந்தது. தோள் ஆடியது. வாழ்நாளில் முதல்முறையாக அவர் காலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

இடது காலால்.

மிதியின் மேல்.

டேப்லெட்டில் பக்கங்கள் பறந்துகொண்டிருந்தன. ஒரு தட்டு, ஒரு பக்கம். அவர் திரும்பித் திரையைப் பார்த்தபோது அது கடைசிப் பக்கத்தையும் தாண்டி வெறும் வெள்ளையில் வந்து நின்றிருந்தது. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது. வில் தந்தியை விட்டு எழும்பியது. வயலின் நின்றுவிட்டது.

அண்ணன் கண்கள் உருண்டை உருண்டையாக அவளை நோக்கித் திரும்பின. எழுத்து இல்லாமல் ஒரு சுரம்கூட வாசித்திராத மனிதர். நிறுத்திவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி தொடங்குவதுதான் முறை. எல்லாக் குழுக்களும் அப்படித்தான் செய்யும்.

அவள் நிறுத்தவில்லை. அந்த இடத்தில் இருந்த சில வரிகளின் இசையடுக்கை, சேர்ந்தொலிக்கும் அந்தச் சுரக் கூட்டத்தை, மட்டும் எடுத்துச் சுற்றத் தொடங்கினாள். ஒரு சுற்று. மறுபடி அதே சுற்று, இன்னும் சத்தமாக. அண்ணிக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. அவள் சுண்டிக்கொண்டே சுற்றில் ஏறிக்கொண்டாள். அண்ணன் ஒரு மூச்சு தாமதமாக வந்து தொற்றிக்கொண்டான். ஓட்டலில் இதைத்தானே தினமும் செய்கிறாள், விருந்தாளி வரும்வரை வாசலைத் திறந்து வைத்திருப்பதுபோல.

விருந்தாளி வரவில்லை. வயலினைத் தாடையில் வைத்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார்!" என்றாள் அவள், வாய்விட்டு, மேடையில், அரங்கமே கேட்க.

மெட்ரோனோம் கண்ணை மூடிக்கொண்டார். வில்லை இழுத்தார். ஒரே ஒரு சுரம். அந்த இடத்தில் வரவே கூடாத சுரம். அது காற்றில் அநாதையாக நின்ற அரை நொடியில் அவள் இடது கை கீழே வேறொரு அடுக்கைத் தள்ளிக் கொடுத்தது. தப்பாக விழுந்தது சட்டென்று அழகாகிவிட்டது. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். காலடியில் தரை இருக்கிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்தவர் போல.

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. எங்கிருந்தோ இரண்டாம் பகுதியின் அந்த உருகும் மெட்டை இழுத்து வந்தார். அதன் கண்ணீரைத் துடைத்து, தொப்பியைச் சாய்த்து வைத்து, ஸ்விங்கில் ஆடவிட்டார். எழுதியவளுக்கே தோன்றாத யோசனை. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பதில் கொடுத்தாள். அவர் ஒரு வரி கேட்டால் இவள் அதற்கு மேல் ஒரு வரி. ஏட்டிக்குப் போட்டி. அண்ணன் "ஆஹா!" என்று கத்தியது முன்வரிசைக்குக் கேட்டது. பின்சுவரோரம் நின்றவர்கள் நடுவிலேயே கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். இந்த வகைக் கச்சேரியில் நடுவில் கை தட்டக்கூடாது என்பது எல்லாருக்கும் மறந்துபோனது.

ஒரு சுற்றின் முடிவில் அவள் தலையை ஆட்டினாள். நால்வருக்கும் மனப்பாடமான கடைசி வரிகளுக்கு அவர்களை இழுத்து வந்தாள். ஒன்றாகப் பாய்ந்து, ஒன்றாக நின்றார்கள்.

அரங்கம் எழுந்து நின்றது.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சார், அது எந்தப் பக்கத்துல இருந்துச்சு?" என்று அண்ணன் சீண்டினான்.

"எல்லாப் பக்கமும் போயிடுச்சுய்யா!" மெட்ரோனோமின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டி, ஒரு மடிப்புகூட மிச்சமில்லாமல் இருந்தது. மூச்சு வாங்கியது. "வெள்ளையா ஒண்ணு நிக்குது. அவ்வளவுதான், ஆள் காலின்னு நெனச்சேன். இந்தம்மா வாங்க சார்ங்கறாங்க. கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?" அண்ணி பக்கம் திரும்பினார். "நீங்க எல்லாரும் எனக்கு வெச்சிருக்கற பேரு எனக்குத் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும்."

அண்ணிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "எந்தப் பேரு சார்?"

"அதை மாத்தணும். இனிமே அது எனக்குச் செல்லாது."

அறை வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார். அவருக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு இருந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அவள் அவரிடம் போய் நின்றாள். நன்றி சொல்ல நினைத்தாள். "சார், என் தலைக்குள்ள கேட்டதைவிட…" என்று தொடங்கி முடிக்க முடியாமல் நின்றாள்.

"உங்க சத்தம் எனக்குக் கேட்டுச்சு மேடம்" என்றார் அவர். "அது கேட்டதாலதான் வந்தேன்."

அரங்கப் பொறுப்பாளர் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். "யாரும் வீட்டுக்குப் போற மாதிரி தெரியலங்க. உக்காந்து உக்காந்து எந்திரிக்கிறாங்க. என்ன பண்ணட்டும்?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணாவதையே திரும்ப வாசிக்கலாமே?" என்றாள் அண்ணி.

"வாசிக்கலாம்" என்றார் வயலின்காரர். பிறகு கொஞ்சம் கவலையாக, "ஆனா நான் இப்போ என்ன வாசிக்கணும்?"

"அது எனக்கெப்படி சார் தெரியும்?" என்றாள் அவள். சொல்லிவிட்டு யாருக்கும் காத்திராமல் முதல் ஆளாக மேடையேறினாள். அவர்களைப் பார்த்ததும் அரங்கம் மறுபடி அதிர்ந்தது. வாசல்வரை போயிருந்த ஒருவர் கோட்டைக் கையில் பிடித்தபடி ஓடி வந்து நாற்காலி தேடினார். அவர் உட்காரும்வரைகூடப் பொறுக்க முடியாமல் அவள் இரண்டு கையையும் உயர்த்தி, முன்பைவிட வேகமாக, இருக்கிற சத்தமெல்லாம் சேர்த்து ஆரம்பித்தாள்.